இருபது நகங்கள்

எங்கள் ஊரில் என்னைக் "கப்பலுக்குப் பலகை கொடுத்தவள்" என்று சொல்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை, என் வாய் அப்படி. முதுகுக்குப் பின்னால் சொல்வது காதில் விழத்தான் செய்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

எந்தக் கப்பல் என்று இங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும். செத்தவர்களின் நகத்தால் கட்டுகிற கப்பல். ஹெல் என்கிறவள் செத்தவர்களை வைத்து ஆளும் இருட்டில், கரையோரமாக, அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டி முடிந்த அன்றைக்கு அது கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பும். கடவுள்களுக்கே துரோகம் செய்த லோகி சுக்கான் பிடிப்பான், அரக்கர்கள் துடுப்புப் போடுவார்கள், ஓநாய் சூரியனை விழுங்கும். ஓடினும் தோரும் சாகப்போவது அன்றைக்குத்தான். கடவுள்களே சாகிற நாளைக் கொஞ்சம் தள்ளிப்போட எங்களைப் போல ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறவர்களால் முடிந்தது ஒன்றே ஒன்று. பிணத்தை நகம் வெட்டாமல் அனுப்பக் கூடாது. கையில் பத்து, காலில் பத்து. வெட்டியதை எரித்துவிட வேண்டும். வீட்டில் யாரும் செய்ய விரும்பாத எல்லா வேலையையும் போல இதுவும் மருமகளின் வேலை.

என் மாமனார் ஓர்ம் செத்தது குளிர்காலம் தொடங்கிய பத்தாம் நாள். அவரை எனக்குப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இனிப்பாகப் பேசுவது எனக்கு வராது. வாயைத் திறந்தால் குறைதான் சொல்வார், இல்லையென்றால் வாயே திறக்கமாட்டார். கணுக்கால்வரை மூடுகிற தோல் செருப்பை இராத்திரியும் கழற்றாமல் படுப்பார். நாலு வருஷமாக அவர் பாதத்தை நான் பார்த்ததில்லை. நடையும் ஒரு மாதிரி, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து. விருந்தாளிகள் வந்தால் நான் அதைப் போலவே நடந்து காட்டுவேன், "வாத்து வருது, வழி விடுங்க" என்று. எல்லோரும் சிரிப்பார்கள். என் புருஷன் ஸ்கெக்கி மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

என் மகள் ஸ்வாலா பிறந்தபோது அவர் செய்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. இரண்டு நாள் கத்தினேன். பனிப்புயலில் மலைமேட்டைக் கடந்து பேறு பார்க்கிறவளை அழைத்துவந்தது அவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வந்தவர் பலகையால் அடைத்துக் கதவு வைத்த தன் கட்டிலுக்குள் புகுந்து சாத்திக்கொண்டார். ஒரு மாதம் வெளியே வரவில்லை. கஞ்சியும் தண்ணீரும் ஸ்கெக்கி மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் பத்தாம் நாளே எழுந்து பால் கறந்தேன். "பெத்தது நான், படுத்தது அவரு" என்று ஊரெல்லாம் சொன்னேன். படுத்தே கிடந்ததில்தான் நடை கோணிப்போனது என்றும் சொன்னேன். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அவர் செத்த மத்தியானம் நான் தறியில் நின்றிருந்தேன். எங்கள் அடிமைப் பெண் எத்னி வந்து கதவருகே நின்றாள். அயர்லாந்துக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்டவள், வாயைத் திறந்தால் அளந்துதான் பேசுவாள். பெரியவர் என்னைக் கூப்பிடுகிறார் என்றாள். நான் நூலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"கை வேலையா இருக்கேன்னு சொல்லு. அதுக்குள்ள செத்தா போயிடுவாரு?"

என் வாயிலிருந்து வந்த அத்தனை வார்த்தைகளிலும் இதை மட்டும் திரும்ப விழுங்க முடியுமானால் என் பசுமாட்டையே கொடுத்துவிடுவேன்.

எத்னி போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கையிலிருந்த கூடை விழுகிற சத்தம் கேட்டது. நானும் ஸ்கெக்கியும் ஓடிப் பார்த்தபோது மாமனார் தன் உயரமான இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் திறந்து கதவையே பார்த்தபடி. எத்னி அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிணத்தின் முன்னால் யாரும் நிற்பதில்லை. ஒருவர் பின்பக்கமாகப் போய்க் கண்ணையும் மூக்கையும் மூடும்வரைக்கும் எல்லோரும் சுவரோரம்தான். கடைசியாக யார் முகம் அந்தக் கண்ணில் விழுகிறதோ, அவரைத் தேடித்தான் செத்தவர் திரும்பி வருவார். ஸ்கெக்கி அவளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான், சுவரை ஒட்டிப் போய்ப் பின்னாலிருந்து அப்பாவின் கண்ணை மூடினான். ஒரு கண் முழுதாக மூடவில்லை.

நான் கத்தரியோடு உட்கார்ந்தேன். கை நகம் பத்தையும் வெட்டி எரித்தேன், அதில் குறை இல்லை. தண்ணீர் எடுத்துவரப் போய்த் திரும்பினால், ஸ்கெக்கி அதற்குள் அவர் காலில் சாவுச் செருப்பைக் கட்டிவிட்டிருந்தான். ஹெல்லுக்குப் போகிற பாதை கல்லும் முள்ளுமானது, அதற்காகத் தைக்கிற புதுச் செருப்பு. தோல்வாரை இழுத்து இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டிருந்தான். அந்த முடிச்சை உயிரோடிருப்பவர் அவிழ்த்தால் அதே பாதை அவரையும் இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கால் நகம் இன்னும் வெட்டவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீயே அவிழ்த்து வெட்டு என்பான். பயத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். வாய் என்றால் வாய் என்று பேர் எடுத்தவள், வேண்டிய இடத்தில் ஊமையாகிப் போனேன்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"இருபதும் ஆச்சு," என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். துக்கத்தில் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

வழக்கப்படி வாசல் வழியாக எடுக்கவில்லை. பக்கச் சுவரை உடைத்து, அந்த ஓட்டை வழியாகக் கால் முன்னே போகும்படி வெளியே எடுத்து, உடனே கல்லும் புல்மண் கட்டியும் வைத்து அடைத்துவிட்டார்கள். போன வழி இல்லாவிட்டால் திரும்பி வர வழி தெரியாது. வீட்டுக்கு மேலே சரிவில் கல் அறை கட்டி, அவரை உட்கார்ந்தபடியே உள்ளே வைத்து, மரம் போட்டு மண்ணால் மேடாக மூடினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அடைத்த இடத்திலிருந்து இரண்டு மண்கட்டிகள் விழுந்து கிடந்தன. வீட்டுக்கு உள்பக்கமாக. புது மண், இறுகவில்லை என்று ஸ்கெக்கி திரும்ப அடைத்தான். அடுத்த வாரம் ஒரு கல்லும் சேர்ந்து விழுந்தது. அதுவும் உள்பக்கமாக. காற்று வெளியிலிருந்து அடித்தது என்று சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்த இடம் என் தறியிலிருந்து மூன்றடி. நெய்யும்போது என் முதுகு அந்தச் சுவரைப் பார்த்திருக்கும். நான் தறியைத் திருப்பிப் போட்டேன், இருந்தும் முதுகில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது.

பிறகு மேட்டருகே மேய்ந்த கிடாய் கழுத்து முறிந்து கிடந்தது. மேட்டின் உச்சியில் மண் உள்வாங்கி, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அவர் வந்து போகிற வழி அது என்று பேச்சு கிளம்பியது. வேலைக்காரர்கள் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. நான்கூடப் பேசவில்லை, அப்படியானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்தேன். பத்து நகம். கப்பலுக்கு நான் கொடுத்த பத்துப் பலகை. அதற்காக அவர் அங்கே அவமானப்படுகிறார், வெட்டாமல் விட்டவளைத் தேடி வருகிறார். கண்ணை மூடினால் தண்ணீருக்கு அடியில் யாரோ ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. காலையில் ஸ்வாலாவுக்குத் தலை வாரும்போது சீப்பைப் பாதியில் விட்டுவிட்டேன், அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனால் ஊர் வேறு ஒருத்தியைப் பார்த்தது. மாமனாரின் தம்பி க்ளூம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார். வட்டாரத்தில் கடவுள்களுக்குப் பலி கொடுப்பதும் வழக்குத் தீர்ப்பதும் அவர்தான். விழுந்த சுவரைப் பார்த்தார், கிடாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து மோர் குடித்தார். எத்னி அங்கேயே வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் கண்ணுல கடைசியா விழுந்தவ இவதான்," என்றார். "வேணுங்கிறது கிடைக்காம அவரு அடங்கமாட்டாரு. கொடுத்துருவோம். நாளை மறுநாள் வர்றேன், வெளிச்சம் இருக்கும்போதே உள்ள இறக்கி மூடிருவோம்."

உயிரோடா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கெக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்னியின் கை ஒரு தடவை நின்றது, பிறகு கடைய ஆரம்பித்தது.

அந்த இரண்டு நாளும் எனக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் எத்னி பிழைப்பாள். எனக்கு என்ன ஆகும்? உலகத்தின் முடிவைப் பக்கத்தில் இழுத்துவிட்டு, பிணத்தின் மேல் பொய்யும் சொன்ன மருமகளை எந்தப் பண்ணையில் வைத்துக்கொள்வார்கள்? என்னை என் அண்ணன்களிடம் திருப்பி அனுப்புவார்கள். ஸ்வாலா இங்கேயே இருப்பாள், பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம். சொல்லவும் முடியவில்லை, எத்னி வைக்கிற கஞ்சியைக் குடிக்கவும் முடியவில்லை. கடைசியில் எனக்கு ஒரே வழி தோன்றியது. மண்ணுக்குள் போய் அந்தப் பத்து நகத்தையும் வெட்டிவிடுவது. அவர் அடங்கிவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

சொன்ன நாளில் விடிவதற்கு முன்பே ஸ்கெக்கி க்ளூமை அழைத்துவரக் கிளம்பினான். இந்த மாதத்தில் சூரியன் மலைமுகட்டுக்கு மேலே நாலு மாடு கறக்கிற நேரம்தான் நிற்கும். ஸ்வாலாவை அண்டை வீட்டில் விட்டேன். ஆட்டுக் கத்தரி, சுறா எண்ணெய் விளக்கு, கடல்நாய்த் தோலில் திரித்த கயிறு மூன்றையும் எடுத்துக்கொண்டு எத்னியைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காமல் பின்னால் வந்தாள். மேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது நின்றுவிட்டாள்.

"தள்ளத்தானே கூட்டிட்டு வந்தீங்க? அவங்க வர்ற வரைக்கும்கூடப் பொறுக்கலையா?"

எனக்கு அப்போதுதான் புத்திக்கு எட்டியது, அவள் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று. இருந்தும் வந்திருக்கிறாள். ஓடுவதற்கு அவளுக்கு இடம் ஏது, சுற்றிலும் பனியும் கடலும்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன். செருப்பு முடிச்சு, இருபது என்று நான் சொன்னது, எல்லாம்.

"அப்ப என் தலையில விழுந்தப்ப நீங்க பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்க."

"ஆமா."

"இப்ப கயிறை நான் பிடிக்கணும்."

"வேற யாரு இருக்கா எனக்கு?"

எத்னி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் எதுவும் இல்லை. கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றி நின்றாள். அவள் விட்டுவிட்டுப் போனால் என்னைக் கேட்க நாதி கிடையாது. போகமாட்டாள் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை. செத்தவர் கீழே, நான் கெடுத்தவள் மேலே, நடுவில் ஒரு கயிறு. அப்படித்தான் இறங்கினேன்.

உள்ளே வெளியைவிடக் குளிர். நாற்றம் நான் பயந்த அளவுக்கு இல்லை, பழைய இறைச்சியும் ஈர மண்ணும் கலந்தது போல. விளக்கைத் தூக்கினேன். மடியில் கோடாலியோடு அவர் உட்கார்ந்திருந்தார். மூடாத அந்தக் கண் பாதி திறந்து இருந்தது. பின்பக்கமாகப் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன், அவர் முதுகு கல்லோடு ஒட்டியிருந்தது, வழி இல்லை. முன்னால்தான் போக வேண்டும். என் பல் அடித்துக்கொள்கிற சத்தம் அந்தக் கல் அறை முழுக்கக் கேட்டது. தோரின் பெயரைச் சொல்லி, அவன் ஆயுதமான சுத்தியலின் குறியைக் காற்றில் போட்டேன். போட்ட வேகத்தில் விளக்கு சரிந்தது, எண்ணெய் கொட்டியது, அணைந்துவிட்டது.

ஏறிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். பிடித்தபடியே நின்றேன். மேலே ஓட்டையின் வெளிச்சம் என் தலையோடு நின்றுவிட்டது, அவர் இருந்த இடம் முழு இருட்டு. இப்போது ஏறினால் எத்னி இறங்குவாள். முட்டி போட்டுத் தடவித் தடவிப் போனேன். முதலில் கோடாலிக் காம்பு கையில் பட்டது, பிறகு முழங்கால்.

முடிச்சை அவிழ்க்கவில்லை, கத்தரியால் வாரை வெட்டினேன். அவிழ்ப்பதும் வெட்டுவதும் ஒன்றா இல்லையா என்று யோசிக்க அது நேரமில்லை. வலது செருப்பு கையோடு வந்தது. உள்ளே காலுறை, அதன் முனையில் கம்பளி திணித்திருந்தது. காலுறையை உருவிவிட்டு விரலைத் தேடினேன். விரல் இல்லை. பாதம் பாதியில் மழுங்கி, பிசைந்து வைத்த மாவு உருண்டை போல முடிந்திருந்தது. பழைய தழும்பு, வழவழவென்று. இடது செருப்பையும் கழற்றினேன். அதுவும் அப்படித்தான்.

பனி தின்ற கால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைமேடு, புயல், இரண்டு நாள். பேறு பார்க்கிறவள் அன்றைக்குக் குதிரையில் வந்து இறங்கினாள். வீட்டில் இருந்தது ஒரே குதிரை. அவர் நடந்து வந்திருக்கிறார். ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது எதற்கு என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? வாத்து வருகிறது என்று நடந்து காட்டினேன்.

"மாமா," என்றேன். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபோதும் பயம் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அப்போது கயிறு இரண்டு தடவை வெட்டி இழுத்தது. மேலே ஆள் சத்தம். க்ளூமின் குரல் நன்றாகக் கேட்டது, "இவளே வந்து நிக்கிறா, நல்லதாப் போச்சு" என்றார். ஆஸ்னி எங்கே என்று என் பெயரைச் சொல்லி ஸ்கெக்கி கேட்டான். கீழே இருப்பதாக எத்னி சொன்னாள்.

எனக்கு அந்த இருட்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. காலில் நகமே இல்லை, அப்படியென்றால் கப்பலுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. மேலே போய் உள்ளதைச் சொன்னால் என் மேல் குற்றம் இல்லை. என் மேல் இல்லையென்றால் யார் மேல்? நேராக எத்னி மேல். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன், அவள் நான் ஏறிய கயிற்றிலேயே உள்ளே இறங்குவாள்.

கல் தரையில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றினேன். ஆட்டுக் கத்தரி மனுஷர் காலுக்குச் செய்தது இல்லை. இருட்டில் நகம் எது சதை எது என்று தெரியவில்லை, குளிரில் மரத்துப்போனதால் வலியும் தாமதமாகத்தான் வந்தது. எண்ணி எண்ணிப் பத்தும் வெட்டினேன். உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவர் செருப்பைத் திரும்பக் கட்ட நேரமில்லை, வாரும் துண்டாகிக் கிடந்தது.

அந்தச் செருப்பைக் கட்டியவன் ஸ்கெக்கி என்பது கயிற்றைப் பிடித்தபோதுதான் உறைத்தது. விரல் இல்லாதது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியக் கூடாதென்றுதான் முந்திக்கொண்டு கட்டியிருக்கிறான். இருபதும் ஆச்சு என்று நான் சொன்ன நிமிஷமே அது பொய் என்று தெரிந்திருக்கும். நான் மேலே போய்ச் சொல்லப்போகிற பொய்யை உடைக்கக்கூடியவன் இந்த உலகத்தில் ஒருவன்தான், அவன் அங்கே என் மாமனாரின் தம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறான். அவரை எத்னிதான் திரும்பி வர வைக்கிறாள் என்று அவன் மனசார நம்புகிறான். ஏன் நம்பமாட்டான்? நகம் பாக்கி இல்லை என்று அவனுக்குத் தெரியுமே.

எத்னி இழுத்தாள். ஏறி வந்து பனியில் வெறுங்காலோடு நின்றேன். க்ளூம் என் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் தீப்பந்தம் வைத்திருந்தார்கள், மேட்டைச் சுற்றித் தீ காட்டுவதற்கு.

"கால் நகம் பத்தும் வெட்டாம விட்டேன், சின்ன மாமா," என்றேன். "பயத்துல பொய் சொல்லிட்டேன். அவரு வந்தது இதுக்குத்தான். இப்ப வெட்டிட்டேன்."

சொல்லும்போது ஸ்கெக்கியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

க்ளூம் உடனே நம்புகிறவர் இல்லை. காட்டு என்று கையை நீட்டினார். என் நகம் இருபத்தாறு வயசுக்காரியின் நகம், ரத்தம் வேறு. எழுபது வயசுக் கிழவரின் நகம் எப்படி இருக்கும் என்று எழுபதை நெருங்குகிறவருக்குத் தெரியாதா? கையைத் திறக்காமல் நின்றேன். அப்போது ஸ்கெக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தான். என் கையைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தான். பனியில் நான் நின்ற இடம் சிவந்திருந்தது.

அவன் முகத்தில் இருந்தது பயம். வேறு எதுவும் இல்லை. என் பொய்யை ஆமோதித்தால் அவன் அப்பா அடங்காமலே போகலாம், சுவர் முழுக்க இடிந்து வரலாம், நாங்கள் படுத்திருக்கும் இடம்வரைக்கும் வரலாம். அத்தனையும் அந்த முகத்தில் ஓடியது. பிறகு என் விரலைப் பிரித்து நகத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"காட்டுடா," என்றார் க்ளூம்.

"அப்பா கால் நகம், சித்தப்பா. எனக்குத் தெரியாதா?"

தீப்பந்தத்தில் போட்டான். நகம் கருகுகிற வாடை வந்தது. க்ளூம் என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்தப் பண்ணையிலும் இருக்க வேண்டியவள் இல்லை நான் என்றார். "இருப்பா," என்றான் ஸ்கெக்கி. அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். க்ளூம் எத்னியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். ஏழு நாள் தருவதாகச் சொன்னார். அதற்குள் அந்தச் சுவரிலிருந்து ஒரு மண்கட்டி விழுந்தாலும் இரண்டு பெண்களையும் சேர்த்து உள்ளே இறக்குவாராம். ஓட்டையை மூடிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு என் காலைக் கழுவித் துணி சுற்றியது ஸ்கெக்கிதான். அப்பா தன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றான். யாருக்கும் சொல்லக் கூடாது, அவளுக்கு மட்டும் சொல்லவே கூடாது, பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு இது ஞாபகம் வரும் என்றாராம். இவ்வளவு நாள் என் வாயை எப்படிப் பொறுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். அவன் துணியை முடிச்சுப் போட்டான்.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வேறு எப்படிச் சொல்வது? சமைத்தோம், பால் கறந்தோம், எல்லாம் ஒரு கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டுதான். எனக்கு இப்போது புதுப் பயம் ஒன்று சேர்ந்திருந்தது. அவரை நான் வெறுங்காலோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஹெல்லுக்குப் போகிற கல்லிலும் முள்ளிலும் விரல் இல்லாத காலோடு அவர் எப்படி நடப்பார்? நடக்க முடியாமல் இங்கேதான் திரும்புவார். மூன்றாம் நாள் கொஞ்சம் மண் தூள் உதிர்ந்தது. ஓடிப்போய் விரலால் துடைத்து எடுத்தேன், கட்டி இல்லை, வெறும் தூள்.

ஏழாம் நாள் சூரியன் எழுந்த நேரம் நானும் எத்னியும் மட்டும் அந்தச் சுவருக்கு முன்னால் இருந்தோம். அவள் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் விழாமல் இருந்தால் தப்பித்தோம். செருப்பைப் பற்றிய பயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அவளிடம் சொன்னேன்.

எத்னி கம்பளியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு எதுக்குக் கூப்பிட்டாருன்னு நீங்க இன்னும் என்கிட்ட கேக்கவே இல்லம்மா."

ஆமாம், கேட்கவில்லை. கூப்பிட்டவர் செத்துப்போனார், அதோடு அது முடிந்தது என்றிருந்துவிட்டேன்.

"எதுக்கு?"

"'கால் ரொம்ப வலிக்குது. ஆஸ்னியக் கூப்பிடு, இந்தச் செருப்பைக் கழட்டிவிடச் சொல்லு'ன்னாரு. நான் கழட்டுறேன்னு குனிஞ்சேன். 'நீ வேணாம், அவ வரட்டும்'னாரு. நீங்க சொன்னதப் போய்ச் சொல்லலாம்னு திரும்பி வந்தப்ப கதவப் பாத்துக்கிட்டே போயிட்டாரு. அந்தக் கண்ணு என்னைத் தேடல."

நான் சுவரைப் பார்த்தேன். வெளிச்சம் அதன் மேல் ஏறி, மலைக்குப் பின்னால் இறங்கியது. ஒரு கட்டியும் விழவில்லை.

அது ஆறு குளிர்காலத்துக்கு முந்திய கதை. சுவர் இன்றுவரை விழவில்லை, இறுகிப் புல் முளைத்துவிட்டது. ஆனாலும் தறிக்குப் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். யாராவது கூப்பிடுகிறார்கள் என்றால் நூலைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். அவருடைய செருப்பு இரண்டும் அங்கே உள்ளேதான் கிடக்கின்றன, அவர் காலுக்குப் பக்கத்தில், நான் கழற்றி வைத்தபடியே.